காரைக்குடி கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் ஒன்றரை நாள்: எங்கே தங்குவது, வீட்டில் என்ன சொல்வது?

வேளச்சேரி_வித்யா

எல்லோருக்கும் வணக்கம். ஆவணியில் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகனுக்குக் காரைக்குடியில் கல்யாணம். சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு அதிகாலை முகூர்த்தம். மாமனார், அத்தை, நாத்தனார் குடும்பம் எல்லோரும் வெள்ளிக்கிழமை பல்லவனில் நேராகக் காரைக்குடி போகிறார்கள். எங்களுக்கும் சேர்த்து அதிலேயே டிக்கெட் எடுக்கச் சொன்னார்கள்.

எங்கள் ஆசை வேறு. வியாழன் இரவே பாண்டியனில் ஏறி, வெள்ளி விடியலில் மதுரையில் இறங்கி, சனி மதியம் வரை அங்கேயே இருந்துவிட்டு, வரவேற்புக்கு மண்டபம் போய்ச் சேர்ந்தால் போதாதா? கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. கல்யாண வீட்டுக்குள் காலை வைத்ததும் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஒருவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நாங்கள் இருவர் மட்டும் இருந்துவிட்டுப் போனால் எதையும் சிரித்துக்கொண்டே சமாளித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

கோயில் பக்கம் தங்கலாமா, ஊருக்கு வெளியே அமைதியான இடமா? பட்டுப்புடவையும் நகையும் கையில் இருக்கும், அதை என்ன செய்வது? அப்புறம் முக்கியமான விஷயம், வீட்டில் சொல்வதா வேண்டாமா. "ஆபீஸில் வேலை, சனிக்கிழமைதான் வர முடியும் என்று சொல்லிவிடலாம்" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு அது உறுத்துகிறது.

மாசிவீதி_மைந்தன்

வாங்க வாங்க. மதுரைக்காரனிடம் மதுரையைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள், பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். கோயிலுக்குள்ளேயே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். ரயில் நிலையம் மேல வெளி வீதியில் இருக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் நேராகக் கிழக்கே நடந்தால் மேலக் கோபுரம் வந்துவிடும், ஆட்டோவே வேண்டாம். ஆக, ஒன்றரை நாளுக்கு வருகிறவர்கள் டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி பக்கம் தங்குவதுதான் புத்திசாலித்தனம். மொட்டை மாடியில் சாப்பாட்டு மேசை போட்டிருக்கும் ஓட்டல்கள் அங்கே உண்டு. சாயங்காலம் மேலே போய் உட்கார்ந்தால் நான்கு கோபுரங்களும் தெரியும்.

சத்தம் வேண்டாம் என்றால் பசுமலை இருக்கிறது, கோச்சடை இருக்கிறது. கோச்சடையில் இருப்பது ஒரு காலத்தில் மில்காரர்களின் கிளப், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. ஆலமரமும் கல்தூணுமாக ரொம்ப அழகான இடம். ஆனால் அங்கே தங்கினால் உங்களுக்கு ஊர் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கோயிலுக்கு வரவும் போகவும் சிம்மக்கல் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

அறையை இன்றைக்கே போட்டுவையுங்கள். உங்கள் கொழுந்தனுக்கு முகூர்த்தம் என்றால் அன்றைக்கு இன்னும் ஆயிரம் பேருக்கும் முகூர்த்தம்.

கொங்கு_குமரன்

எனக்கு ஒன்று புரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஏன் சுற்ற வேண்டும்? கல்யாணத்தை முடித்துவிட்டு நிம்மதியாகப் போகலாமே? புடவை கசங்குமா, நகை போய்விடுமா, வண்டி நேரத்துக்குக் கிடைக்குமா என்ற கவலை எதுவும் இருக்காது. முன்னால் போனால் பாதி மனது மண்டபத்தில்தான் இருக்கும்.

திண்டுக்கல்_சுமதி

குமரன் தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போல.

தம்பி, கல்யாணம் முடிந்த பிறகு யார் விடுவார்கள்? "இவ்வளவு தூரம் வந்துவிட்டு உடனே கிளம்பறீங்களா, நாளைக்கு மறுவீட்டு விருந்து இருக்கிறதே" என்பார்கள். மண்டபத்துப் பாத்திரங்களை எண்ணித் திருப்பிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், பெரியப்பாவை ரயில் ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டும். வயதில் சின்னவர்கள் நீங்கள் இருவரும்தான். கையில் இருக்கும் லீவு அங்கேயே கரைந்துபோய், நேராகத் திங்கள்கிழமை ஆபீஸில் போய் உட்கார வேண்டியதுதான். முன்னால் போனால் மட்டுமே அந்த நேரம் உங்களுடையது. "மண்டபத்துக்குப் போயாக வேண்டும்" என்ற கெடு இருக்கிறதே, அதனால் ஒன்றரை நாளும் வீணாகாமல் கழியும்.

வித்யா, உன் கேள்விக்கு வருகிறேன். ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லாதே. கல்யாண வீட்டில் எந்தப் பொய்யும் ஒரு பந்தியைத் தாண்டாது. நீங்கள் மீனாட்சி கோயில் வாசலில் நிற்பதைப் பார்க்கிற ஒரு மாமா கட்டாயம் இருப்பார், அவரும் அதே கல்யாணத்துக்குத்தான் வந்துகொண்டிருப்பார்.

இன்னொன்று, நகையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். உன் அத்தை பல்லவனில் நேராகப் போகிறார். நகைப்பெட்டியையும் பட்டுப்புடவையையும் அவரிடமே கொடுத்தனுப்பு. உனக்கு ஒரு தோள்பை போதும். ஆனால் அதற்கு அவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். தன்னை நம்பி நகையைக் கொடுத்த மருமகள் மேல் எந்த மாமியாரும் சுலபத்தில் கோபப்பட மாட்டார்.

ரயில்_ரங்கா

ரயில் விவரம் என் பொறுப்பு. பாண்டியன் இரவு எழும்பூரில் கிளம்பி விடியற்காலையில் மதுரையில் இறக்கிவிடும். வியாழன் இரவுக்கு அதுதான் சரி. வைகை பகல் வண்டி, தேஜஸ் காலையில் கிளம்பி மதியம் போகிற வண்டி, இரண்டுமே உங்கள் கணக்குக்கு ஒத்துவராது, வெள்ளிக்கிழமைப் பகலை விழுங்கிவிடும். விடியலில் இறங்கினால் அறை கிடைக்காதே என்று பார்க்காதீர்கள். ரயில் நிலையப் பக்கத்து விடுதிகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு, முன்பதிவு செய்யும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து காரைக்குடிக்கு வழியில் திருச்சி இருக்கிறது, கொஞ்சம் ஒதுங்கினால் தஞ்சாவூர் இருக்கிறது. அங்கே தங்கினால் சுற்று குறையுமே என்றும் நினைத்தேன். ஆனால் இருவருமாகத் தெருவில் நடந்து, தின்று, இரவு பத்து மணிக்கும் வெளிச்சத்தில் உலாவ வேண்டும் என்றால் மதுரைதான். இதைத் திருச்சிக்காரன் சொல்கிறேன், வேறு யாரும் சொல்லிக் காட்ட வேண்டாம்.

செட்டிநாட்டு_மீனாள்

காரைக்குடிக்கு வருகிறவர்கள் எல்லாம் காரைக்குடியைப் பார்க்காமல் மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறீர்கள், இது நியாயமா? கானாடுகாத்தான் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும் நீளும் வீடுகள், பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தரை. அங்கே பழைய வீடுகளிலேயே தங்கவும் வைக்கிறார்கள்.

வேளச்சேரி_வித்யா

மீனாள் அக்கா, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் காரைக்குடிக்கு இவ்வளவு பக்கத்தில் தங்கினால் வெள்ளிக்கிழமை மதியமே "வாழைமரம் கட்ட ஆள் வேண்டும்" என்று போன் வந்துவிடும்.

செட்டிநாட்டு_மீனாள்

அது உண்மை. சரி, மதுரைக்கே போய்விட்டு வாருங்கள். சனிக்கிழமை வரும் வழியை மட்டும் சொல்கிறேன். மாட்டுத்தாவணியில் காரைக்குடி பேருந்து ஏறலாம், மேலூர், திருப்பத்தூர் வழி. கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒத்தக்கடையில் யானைமலை இடது பக்கம் படுத்துக் கிடக்கும், பார்க்கத் தவறாதீர்கள். இந்தத் திருப்பத்தூர் எங்கள் சிவகங்கைத் திருப்பத்தூர், வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை. மருது சகோதரர்களை 1801 அக்டோபரில் தூக்கிலிட்ட ஊர், நினைவிடம் இருக்கிறது. அதைத் தாண்டினால் பிள்ளையார்பட்டி விலக்கு. வாடகைக் கார் என்றால் ஒரு எட்டு உள்ளே போய்க் கற்பக விநாயகரைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கொங்கு_குமரன்

சுமதி அக்கா, எனக்கு இரண்டு குழந்தைகள். இருந்தாலும் உங்கள் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் மச்சினன் கல்யாணத்தில் ஊட்டி போகலாம் என்று போட்டிருந்த திட்டம் மண்டபக் கணக்கு முடிப்பதில்தான் முடிந்தது.

மாசிவீதி_மைந்தன்

வெள்ளிக்கிழமைத் திட்டம் சொல்கிறேன், யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

விடியற்காலையில் குளித்துவிட்டு நேராகக் கோயில். மதியம் நடை சாத்தினால் மறுபடி மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் பத்து மணிக்கு மேல் போய் வரிசையில் நிற்காதீர்கள். செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது, 2018 முதல் தடை. வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். இதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். இந்தக் காலத்தில் இருவர் இரண்டு மணி நேரம் போன் இல்லாமல் பேசிக்கொண்டு நடக்க வேறு எந்த இடம் இருக்கிறது?

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது கம்பத்தடி மண்டபம். மீனாட்சி கையைப் பெருமாள் பிடித்துச் சொக்கநாதரிடம் கொடுக்கும் திருக்கல்யாணச் சிற்பம் அங்கேதான். எல்லாப் படத்திலும் காலண்டரிலும் பார்த்திருப்பீர்கள். கல்லில் பார்க்கும்போது மீனாட்சியின் தலை கொஞ்சம் குனிந்திருப்பது தெரியும். கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்துவிடாமல் ஓரமாக ஒதுங்கி நின்று பாருங்கள்.

வெள்ளிக்கிழமை என்பதால் ஒரு விசேஷம் உண்டு. மாலையில் பொற்றாமரைக் குளத்தின் மேற்குக் கரையில் சுவாமிக்கும் அம்மனுக்கும் ஊஞ்சல். இரவில் பள்ளியறை பூஜை. சுவாமியின் பாதம் பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் போகும். மேளமும் ஓதுவார் பாட்டும் மனதிலேயே நிற்கும். வெள்ளிக்கிழமை கூட்டம் கூடுதல்தான். அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

நண்பகலில் நாயக்கர் மகால். 1636-இல் கட்டியது, இன்று நிற்பது பழைய அரண்மனையில் கால்வாசிதான். அந்தக் கால்வாசிக்கே கழுத்து வலிக்கும். அதற்கு மேல் வெயிலில் எங்கும் அலைய வேண்டாம், அறையில் தூங்குங்கள். மதுரைக்காரர்கள் அதைத்தான் செய்வோம்.

ஆவணி என்றால் ஆவணி மூலத் திருவிழா எந்தத் தேதியில் வருகிறது என்று காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் நாள் உங்கள் வெள்ளியில் விழுந்தால் ஆவணி மூல வீதியில் நடக்கவே இடம் இருக்காது. அந்த விழாவில்தான் மீனாட்சியிடமிருந்து செங்கோல் சொக்கநாதருக்குப் போகிறது. உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா என்று தெரியவில்லை. ஆட்சி மாற்றத்துக்குத் தயாராக வரச் சொல்லுங்கள்.

வேளச்சேரி_வித்யா

மதுரைதான், சந்தேகமே வேண்டாம். திருவிழா எங்கள் தேதிக்கு அடுத்த வாரம் வருகிறது, தப்பித்தோம்.

சைவப்பிள்ளை_77

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவே இல்லையே? கோபு ஐயங்கார் கடையில் வெள்ளையப்பம். ரயில் நிலையப் பக்கம் பிரேமா விலாஸில் சுடச்சுட அல்வா, வாழையிலைத் துண்டில் வாங்கி நின்றபடியே சாப்பிட வேண்டும். காலையில் தெருமுனையில் பருத்திப்பால். இதுபோதும்.

மாசிவீதி_மைந்தன்

சைவப்பிள்ளை சொன்னது பாதி மதுரை. மீதிப் பாதி கோனார் கடைக் கறிதோசையிலும் அயிரை மீன் குழம்பிலும் இருக்கிறது. கறிதோசைக்குத் தோசை கனமாக இருக்கும். மேலே முட்டை ஊற்றி, அதன்மேல் கொத்திய ஆட்டுக்கறியைப் பரப்பித் திருப்பிப் போடுவார்கள். ஒன்றை இருவர் பகிர்ந்துகொள்ளலாம், இரண்டாவது கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள்.

திண்டுக்கல்_சுமதி

வெள்ளிக்கிழமை, கோயில், கல்யாணத்துக்கு முந்தின நாள், கறிதோசை. தம்பி, கொஞ்சம் யோசித்துப் பேசு. ஞாயிறு காலை வரைக்கும் வயிறு ஒழுங்காக இருக்க வேண்டும். மண்டபத்தில் இருக்கிற இரண்டு கழிப்பறைக்கு இருநூறு பேர் வரிசை.

மாசிவீதி_மைந்தன்

அக்கா, வெள்ளிக்கிழமை சைவம் என்பவர்களுக்குச் சனிக்கிழமை என்று ஒரு நாள் இருக்கிறது. வயிற்றைக் கெடுப்பது கறிதோசை இல்லை. அதற்குமேல் ஒரு ஜிகர்தண்டா, அதற்குமேல் ஒரு பரோட்டா, கடைசியில் அல்வா என்று போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். ஜிகர்தண்டாவை விளக்குத்தூண் பக்கம் போய்க் குடியுங்கள், சாயங்காலத்தில் தனியாக, சாப்பாட்டோடு சேர்க்காமல்.

பழநி_பாரதி

ஜிகர்தண்டா ரொம்பவும் மிகைப்படுத்தப்பட்ட பண்டம் என்று நினைக்கிறேன். பாலும் ஐஸ்கிரீமும் நன்னாரியும் கடல்பாசியும் தனித்தனியாக நன்றாகத்தான் இருக்கின்றன.

மாசிவீதி_மைந்தன்

மட்டுறுத்துநர் அவர்களே, மேலே உள்ள பதிவை நீக்கவும்.

மட்டுறுத்துநர்

விதிமீறல் எதுவும் இல்லை. எனக்கும் அதே கருத்துதான். பானச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, இங்கே வித்யாவின் பயணத்தைத் தொடரவும்.

வேளச்சேரி_வித்யா

ஒரு சிக்கல். சுமதி அக்கா சொன்னபடி அத்தையிடம் நேற்று நானே சொல்லிவிடலாம் என்று சமையலறைக்குப் போனேன். பாதி வார்த்தைதான் சொல்லியிருப்பேன், பக்கத்தில் இருந்த நாத்தனார் "மதுரைக்கா? நாங்களும் வரலாமே, மீனாட்சியைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! அம்மா, நாமும் பாண்டியனிலேயே போய்விடலாமா?" என்றார். அத்தை முகத்திலும் ஆசை தெரிந்தது. நான் என்ன சொல்லுவேன்? "டிக்கெட் இருக்கிறதா பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது ஏழு பேர் போகிற பயணமாக மாறிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் "ஆபீஸ் வேலை என்று சொல்லியிருந்தால் இந்த வம்பே இல்லை" என்று சிரிக்கிறார்.

ரயில்_ரங்கா

முகூர்த்த வாரத்து வியாழன் இரவு, பாண்டியனில் இன்னும் ஐந்து பேருக்குப் படுக்கை. காத்திருப்புப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: ரயில்வே துறையே உங்கள் பக்கம் நிற்கிறது.

திண்டுக்கல்_சுமதி

டிக்கெட் இல்லை என்று தப்பிக்காதே வித்யா. டிக்கெட் கிடைத்திருந்தால் கூட்டிப்போயிருப்பாய் என்று ஆகிவிடும். அடுத்த தடவையும் இதே கதைதான். மூன்று விஷயம் சொல்கிறேன், இதில் தயக்கம் காட்டாதே.

இதை நீ சொல்லியிருக்கவே கூடாது. உன் வீட்டுக்காரர் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டிய விஷயம். மருமகள் சொன்னால் "என் பிள்ளையைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போகிறாள்" என்று காதில் விழும். பிள்ளையே "அம்மா, நாங்கள் ரெண்டு பேரும் எங்கேயும் போய் ரொம்ப நாளாச்சு, ஒரு நாள் போய்விட்டு வருகிறோம்" என்று சொன்னால், அது அவன் ஆசை. அம்மாக்கள் பிள்ளை ஆசைக்குக் குறுக்கே நிற்பது குறைவு. இன்றைக்கே பேசச் சொல்.

மீனாட்சியைப் பார்க்கும் ஆசை நிஜமான ஆசை, அதை அலட்சியப்படுத்தாதே. ஞாயிறு முகூர்த்தம் முடிந்து சாப்பாடு ஆனதும் எல்லோரையும் வண்டி வைத்துப் பிள்ளையார்பட்டிக்கு நீங்களே கூட்டிப்போங்கள். காரைக்குடியிலிருந்து பக்கம்தானே. அதை இப்போதே சொல்லிவிடு, தேதியோடு. "அப்புறம் ஒருநாள் போகலாம்" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது, போகிற காரியத்தில் கல்யாணத்துக்கும் ஒரு வேலையை இழுத்துக்கொள். மதுரையிலிருந்து என்ன வாங்கி வர வேண்டும் என்று அத்தையையே கேள். உங்கள் பயணத்தில் அவருக்கும் ஒரு பங்கு வரட்டும்.

செட்டிநாட்டு_மீனாள்

மூன்றாவதற்குப் பதில் நான் சொல்கிறேன்: மல்லிகை. மதுரையிலிருந்து பூ வருகிறது என்றால் பெண் வீட்டாரும் பேசாமல் இருப்பார்கள்.

மாசிவீதி_மைந்தன்

பூ விஷயத்தில் விவரம் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழ் தடிப்பு, காம்பு கொஞ்சம் நீளம், தொடுக்க வாகு, சீக்கிரம் வாடாது. மொத்தச் சந்தை மாட்டுத்தாவணியில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே. சனிக்கிழமை காலையில் போனால் சரியாக இருக்கும், அங்கிருந்தே காரைக்குடி வண்டி ஏறலாம். ஆனால் விலை முகூர்த்தத்தைப் பார்த்து ஏறும். சாதாரண நாளில் சில நூறு ரூபாய்க்குப் போகிற கிலோ, முகூர்த்த நாளை ஒட்டி ஆயிரத்தைத் தாண்டிவிடும். மார்கழி, தை பனியில் வரத்து குறைந்து இரண்டாயிரம், மூவாயிரம் என்றும் போகும். ஆவணியில் அந்த அளவுக்குப் பயமில்லை.

மொட்டாக வாங்குங்கள். விரிந்த பூவைக் காரைக்குடி வரை கொண்டுபோவது வீண். காலையில் வாங்கிய மொட்டு இரவு விரியும், வரவேற்புக்கு அதுதான் கணக்கு. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், புழுங்கிப் பழுப்பேறிவிடும். ஈரத்துணியும் வாழையிலையும் போதும். ஏசி காரில் போனால் இன்னும் நல்லது. முகூர்த்தத்துக்கும் வேண்டும் என்றால் ஒரு பகுதியைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள், வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

சைவப்பிள்ளை_77

பூவை உதிரியாகக் கொண்டுபோனால் தொடுப்பது யார்?

செட்டிநாட்டு_மீனாள்

கல்யாண வீட்டில் உட்கார்ந்து பூத் தொடுக்கக் கை இல்லாமலா போகும்? பெரியவர்களுக்கு அதைவிடப் பிடித்த வேலை கிடையாது. "விசேஷம் உண்டா" என்று கேட்க வருகிறவர்கள் மடியிலும் ஒரு கூடையை வைத்துவிடலாம் வித்யா.

வேளச்சேரி_வித்யா

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். மீனாள் அக்கா, இது நிச்சயம்.

வீட்டுக்காரர் பேசிவிட்டார். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு "கல்யாணமான புதுசில் உங்கப்பாவும் நானும் மதுரைக்குப் போனோம், உங்க பாட்டி கூடவே வந்தாங்க" என்றாராம். அவ்வளவுதான். பிள்ளையார்பட்டிக்குச் சம்மதம். பூ வாங்கி வரச் சொல்லியிருக்கிறார், கூடவே சம்பந்தி வீட்டுப் பெண்களுக்கு வைத்துக்கொடுக்கச் சுங்குடிப் புடவைகளும். பணத்தையும் கையில் கொடுத்துவிட்டார். நாத்தனார் முகம் மட்டும் இன்னும் ஒரு பக்கமாக இருக்கிறது.

திண்டுக்கல்_சுமதி

அவருக்குத் தனியாக ஒரு புடவை. நிறத்தைக் கேட்டே வாங்கு.

சுங்குடி வாங்கும்போது கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதா, அச்சுப் போட்டதா என்று பார். கைமுடிச்சில் புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது, துணியைத் தடவினால் முடிச்சு இருந்த இடம் லேசாகத் தட்டுப்படும். சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை. அச்சுப் புடவை மோசம் என்று சொல்லவில்லை, விலை வேறு, அவ்வளவுதான். வைத்துக்கொடுக்க அச்சு போதும். நாத்தனாருக்குக் கைமுடிச்சு.

சைவப்பிள்ளை_77

ரவிக்கையில் கடைசி நேரத் திருத்தம் ஏதாவது இருந்தால் புதுமண்டபத்துத் தையல்காரர்களிடம் கொடுத்து ஓரிரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம்.

மாசிவீதி_மைந்தன்

புதுமண்டபத்தில் இப்போது கடைகள் இல்லை. குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள், தையல்காரர்களையும் அங்கேதான் தேட வேண்டும். மண்டபம் காலியானதில் தூண்களைக் கண்ணாரப் பார்க்க முடிகிறது. ஆனாலும் தையல் மெஷின் சத்தம் இல்லாத புதுமண்டபம் எனக்கு இன்னும் பழகவில்லை.

வெள்ளி மாலைக்கு ஒன்று விட்டுவிட்டேன். கோயிலில் கூட்டம் அதிகம் என்று தோன்றினால் தெப்பக்குளம் போய்விடுங்கள். திருமலை நாயக்கர் வெட்டியது, நடுவில் மைய மண்டபம். இப்போது வைகைத் தண்ணீர் விட்டு நிரப்புகிறார்கள். படிக்கட்டுச் சுவரில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டு ஊரை வேடிக்கை பார்க்கலாம்.

ரயில்_ரங்கா

காந்தி அருங்காட்சியகத்தை ஒருவரும் சொல்லவில்லையே? ராணி மங்கம்மாள் அரண்மனைக் கட்டடம், 1959-இல் நேரு திறந்துவைத்தது. சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. 1921 செப்டம்பரில் அவர் சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறியதும் இதே ஊரில், மேலமாசி வீதி வீட்டில். கீழடி அருங்காட்சியகமும் பக்கம், 2023 மார்ச்சில் திறந்தார்கள், கட்டடமே செட்டிநாட்டுப் பாணியில் இருக்கும்.

திண்டுக்கல்_சுமதி

ரங்கா, அவர்கள் சுற்றுலாத் துறை ஆய்வுக்குப் போகவில்லை. தூங்கவும் பேசவும் நேரம் விடு.

வேளச்சேரி_வித்யா

போய்விட்டு வந்தாயிற்று. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்தில் தங்கினோம். நாங்கள் முன்பதிவு செய்த விடுதியில் "காலை பதினொன்றுக்குத்தான் அறை" என்று முதலில் மறுத்தார்கள். முன்கூட்டி அனுப்பியிருந்த உறுதிச் செய்தியைக் காட்டியதும் கொடுத்தார்கள். ரங்கா சார் சொன்னபடி எழுத்தில் வாங்கி வைத்தது நல்லதாகப் போயிற்று.

காலையில் கோயில். திருக்கல்யாணச் சிற்பத்துக்கு முன் வெகு நேரம் நின்றோம். மைந்தன் சார், தலை குனிந்திருப்பதைப் பார்த்தேன், ஆனால் என் கண் அந்தக் கைகளை விட்டு நகரவில்லை. வீட்டுக்காரர் "உன் அப்பா என் கையில் உன்னைக் கொடுக்கும்போது இவ்வளவு சாந்தமாக இல்லை" என்றார். மதியம் நன்றாகத் தூங்கினோம். மகாலுக்கு மூன்று மணிக்கு மேல்தான் போனோம். இரவு பள்ளியறை பூஜை பார்த்தோம். பெரிய கூட்டம், என் உயரத்துக்குப் பல்லக்கின் மேல்பகுதி மட்டும் தெரிந்தது. அது போதுமாக இருந்தது. போன் கையில் இல்லாததால் குடும்பக் குழுவில் வந்து குவிந்திருந்த செய்திகள் எதுவும் தெரியவில்லை. பல்லவன் தாமதம் பற்றி மட்டும் நாற்பது செய்திகள்.

காந்தி அருங்காட்சியகமும் கீழடியும் போகவில்லை. வருத்தம் இல்லை.

சனிக்கிழமை காலை வீட்டுக்காரர் கறிதோசையைத் தேடிப் போனார், நான் புடவைக் கடைக்குப் போனேன். இருவரும் தனித்தனியாகச் சுற்றிய அந்த இரண்டு மணி நேரமும் நன்றாகத்தான் இருந்தது, இதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் மாட்டுத்தாவணி. மல்லி கிலோ ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. வீட்டுக்காரர் பேரம் பேசினார், பூக்கார அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாரே தவிர விலையைக் குறைக்கவில்லை. பேருந்தில் பூவோடு ஏறத் தயங்கி வாடகைக் கார் பிடித்தோம். வழி முழுக்க வண்டி மணந்தது, ஓட்டுநர் தன் வண்டியில் சாமி படத்துக்கு ஒரு பிடி கேட்டு வாங்கிக்கொண்டார்.

மண்டபத்தில் பூக்கூடை இறங்கியதும் ஏழெட்டுப் பெண்கள் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். "மதுரைக்கா போனீங்க, ரெண்டு பேரும் மட்டுமா?" என்று ஒரு பெரியம்மா இழுத்தார். அத்தை நாரை நனைத்துக்கொண்டே "நான்தான் பூ வாங்க அனுப்பினேன்" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. விசேஷம் உண்டா கேள்வி வழக்கம்போல வந்தது, பதிலும் வழக்கம்போலச் சொன்னேன். முன்னைப்போல வலிக்கவில்லை.

ஞாயிறு மாலை பிள்ளையார்பட்டி. நாத்தனார் சுங்குடியைக் கட்டிக்கொண்டே வந்தார்.

செட்டிநாட்டு_மீனாள்

பூ ஞாயிறு காலை வரை நின்றதா?

வேளச்சேரி_வித்யா

ஐஸ் பெட்டியில் வைத்தது நின்றது. ஈரத்துணியில் வைத்திருந்ததில் மிச்சம் இருந்தவை வரவேற்போடு முடிந்தன. முகூர்த்தத்துக்கு வேண்டும் என்றால் ஐஸ் பெட்டிதான் அக்கா, யோசிக்கவே வேண்டாம்.

கொங்கு_குமரன்

தை மாதம் திருநெல்வேலியில் எங்களுக்கு ஒரு கல்யாணம் வருகிறது. கோயம்புத்தூரிலிருந்து கிளம்பினால் முந்தின இரண்டு நாள் எங்கே தங்கலாம்? குழந்தைகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வர உத்தேசம். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ரயில்_ரங்கா

தை முகூர்த்தம், பொங்கல் கூட்டம் வேறு சேர்ந்துகொள்ளும். முன்பதிவு அறுபது நாளைக்கு முன் திறக்கும், அந்தக் காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். இடத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

திண்டுக்கல்_சுமதி

இடம் இருக்கட்டும். குமரா, முதலில் மாமியாரிடம் பேசுகிறது நீ இல்லை, உன் வீட்டுக்காரி.